கம்பைலருக்குக் கொடுக்கும் வாக்கு

2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூகுளின் டென்சர்ஃப்ளோ லைப்ரரி 1.6 பதிப்புக்கு வந்தது. இயந்திரக் கற்றல் பழகிக்கொண்டிருந்தவர்கள் வழக்கம்போல அதைத் தரவிறக்கிக்கொண்டார்கள். பைத்தானில் அந்த லைப்ரரியை அழைக்கும் முதல் வரியை எழுதி என்டர் தட்டியதுமே சிலருக்கு நிரல் செத்து விழுந்தது. திரையில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று இரண்டு சொற்கள். எந்த வரி, என்ன கோளாறு என்று ஒரு விவரமும் கிடையாது. உண்மையில் நிரலில் கோளாறே இல்லை. ஆயத்தமாகத் தரும் பைனரிகளை இனி ஏவிஎக்ஸ் ஆணைகளோடு கம்பைல் செய்வது என்று அந்தப் பதிப்பில் முடிவெடுத்திருந்தார்கள். ஏவிஎக்ஸ் தெரியாத ப்ராசசர் அந்த ஆணையைக் கண்டதும் கைவிரித்தது. இயங்குதளம் நிரலை நிறுத்தியது.

பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் என்று சொல்லத் தோன்றும். ஏவிஎக்ஸ் சந்தைக்கு வந்தது 2011-இல். ஆனால் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இன்டெல் பென்டியம், செலரான் என்ற பெயர்களில் விற்ற மலிவு விலைச் சில்லுகளில் அது இல்லை. 2017-இல் புத்தம் புதிதாக லேப்டாப் வாங்கிய மாணவரும் இதில் மாட்டியிருக்கலாம். பில்லில் இருக்கும் தேதியைப் பார்த்து ப்ராசசருக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட முடியாது.

ஒரு ப்ராசசருக்குப் புரியும் ஆணைகளின் மொத்தப் பட்டியல்தான் அதன் ஆணைத்தொகுதி. நம் மேசைக் கணினிகளில் பெரும்பாலானவற்றின் எக்ஸ்86 வம்சம் 1978-இல் வந்த இன்டெல் 8086-இல் தொடங்குகிறது. அன்றிலிருந்து அந்தப் பட்டியலில் சேர்ப்புதான் அதிகம், நீக்கம் அபூர்வம். 1997-இல் எம்எம்எக்ஸ், 1999-இல் எஸ்எஸ்இ, 2000-இல் எஸ்எஸ்இ2, 2011-இல் ஏவிஎக்ஸ், 2013-இல் ஏவிஎக்ஸ்2, பிறகு ஏவிஎக்ஸ்-512. இந்த வரிசை முழுவதற்கும் நோக்கம் ஒன்றுதான்: ஓர் ஆணையில் பல எண்களைக் கையாள்வது. ஏவிஎக்ஸின் ரெஜிஸ்டர் 256 பிட் அகலம். அதில் 32 பிட் எண்கள் எட்டு அடங்கும். எட்டுக் கூட்டல்களை ஒரே ஆணை முடித்துவிடும். படம், ஒலி, நரம்பு வலை என்று எண்கள் மந்தை மந்தையாக வரும் வேலைகளுக்கு இது பெரிய வரம்.

கம்பைலர் இந்த வரத்தைத் தானாகப் பயன்படுத்திக்கொள்ளாது. 64 பிட் எக்ஸ்86 ஆணைத்தொகுதியைக் கொண்ட முதல் சில்லுகளை ஏஎம்டி 2003-இல் வெளியிட்டது. எஸ்எஸ்இ2 வரை அதன் அடித்தளத்திலேயே உண்டு. எதுவும் சொல்லாமல் கம்பைல் செய்தால் ஜிசிசி, க்ளாங் கம்பைலர்கள் இரண்டும் பொதுவாக அந்த 2003 அடித்தளத்துக்குள்ளேயே ஆணைகளைத் தேர்ந்தெடுக்கும். இன்று வாங்கிய கணினியில் அமர்ந்து கம்பைல் செய்தாலும், கிடைக்கும் நிரல் இருபது ஆண்டுக்கு முந்தைய இயந்திரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகவே இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆப்ஷன் மூலம் கேட்க வேண்டும்.

ஜிசிசியில் இதற்கென்று இருப்பவற்றுள் முக்கியமானவை இரண்டு: எம்ஆர்ச், எம்ட்யூன். எக்ஸ்86-இல் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. எம்ட்யூன் என்பது விருப்பம். ‘இன்ன ப்ராசசரில் வேகமாக ஓடும்படி ஆணைகளை அடுக்கு’ என்கிறது. வேறு ப்ராசசரில் ஓட்டினால் கொஞ்சம் மெதுவாகலாம், அவ்வளவுதான். எம்ஆர்ச் என்பது வாக்கு. ‘இந்த நிரல் இன்னின்ன ஆணைகள் தெரிந்த இயந்திரத்தில் மட்டுமே ஓடும், நான் பொறுப்பு’ என்று நிரலாளர் கம்பைலருக்குக் கொடுக்கும் உறுதி. கம்பைலர் அதை நம்பித்தான் தீர வேண்டும், சரிபார்க்க அதற்கு வழி இல்லை. எம்ஆர்ச்சுக்கு ‘நேட்டிவ்’ என்ற மதிப்பைக் கொடுத்தால் கம்பைல் நடக்கும் இயந்திரத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளும். சொந்தக் கணினியில் சொந்த நிரலை ஓட்டுபவருக்கு அது அருமையான வசதி. ஊருக்கே நிரலைக் கொடுப்பவர் அதைப் பயன்படுத்தினால், தன் கணினியில் என்ன இருக்கிறதோ அது ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது என்று சத்தியம் செய்கிறார்.

இணையத்தில் வேகத்துக்குக் குறிப்பு கேட்டால் முதலில் கிடைப்பது இந்த நேட்டிவ்தான். வேகக் குறிப்புகளின் பட்டியலில் அதைச் சேர்ப்பதே தவறு என்பது என் எண்ணம்.

வாக்கு பொய்த்தால் நிரல் சாகும் என்று மேலே பார்த்தோம். சாகாமல் இருப்பதுதான் அதைவிட மோசம். ஓர் எண்ணின் முன்னால் எத்தனை சுழிப் பிட்டுகள் இருக்கின்றன என்று எண்ணித் தரும் எல்இசட்சிஎன்டி என்ற ஆணையை எடுத்துக்கொள்வோம். ஏஎம்டி அதை முதலில் கொண்டுவந்தது. இன்டெல் 2013-இல் ஹாஸ்வெல் சில்லில் சேர்த்தது. இதற்குப் புதிய குறியீட்டெண் ஒதுக்கவில்லை. பிஎஸ்ஆர் என்ற பழைய ஆணையின் முன்னால் ஒரு முன்னொட்டுப் பைட்டைச் சேர்த்து அதையே புதிய ஆணை என்றார்கள். பழைய ப்ராசசர்கள் அந்த முன்னொட்டைப் பொருட்படுத்துவதில்லை. அதனால் அவை புகார் எதுவும் செய்யாமல் பிஎஸ்ஆரை ஓட்டிவிடும். பிஎஸ்ஆர் சொல்வது முன்னால் எத்தனை சுழி என்பதை அல்ல, உச்சத்தில் உள்ள 1 எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை. 32 பிட்டில் 8 என்ற எண்ணைக் கொடுத்தால் புதிய ப்ராசசர் 28 என்னும், பழையது 3 என்னும். நிரல் 3-ஐ வாங்கிக்கொண்டு எதுவும் நடக்காததுபோல் மேலே போகும். நடைமுறையில் இப்படிப்பட்ட நிரலில் வேறு ஏதாவது புதிய ஆணையும் இருந்து, அது முதலில் நிரலைக் கொன்றுவிடுவதே வழக்கம். அது தற்செயலான பாதுகாப்பு. யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல.

வாக்கு பொய்க்காமல் முழுக்க நிறைவேறினாலும் விடைகள் மாறலாம். 2013 முதல் வந்த பல இன்டெல் சில்லுகளில் எஃப்எம்ஏ என்ற ஆணை உண்டு. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே மூச்சில் செய்து, கடைசியில் ஒரு முறை மட்டும் முழுமைப்படுத்தும். பழைய முறையில் பெருக்கியபின் ஒரு முறை, கூட்டியபின் ஒரு முறை என்று இரண்டு முழுமைப்படுத்தல். ஒரு முறை என்பது கூடுதல் துல்லியம்தானே என்று தோன்றும். மூன்று இலக்கங்கள் மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு கணிப்பொறியைக் கற்பனை செய்யுங்கள். எக்ஸ், ஒய் இரண்டுமே 1.23. எக்ஸின் வர்க்கத்திலிருந்து ஒய்யின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். பழைய முறையில் இரண்டு வர்க்கமும் 1.51 என்று முழுமையாகி, விடை சுழி. எஃப்எம்ஏ முறையில் ஒரு வர்க்கம் 1.51 என்று முழுமையாகிறது. மற்றது 1.5129 என்று முழுதாகவே கழித்தலில் கலந்துகொள்கிறது. விடை 0.0029. கம்பைலர் எந்தப் பெருக்கலை இணைக்கிறது என்பதைப் பொறுத்து அது மைனஸ் 0.0029 ஆகவும் இருக்கலாம். அடுத்த வரியில் வர்க்கமூலம் எடுத்தால் கதை முடிந்தது.

ஜிசிசி தன் இயல்பான அமைப்பில் இப்படி இணைத்துக்கொள்ள அனுமதி எடுத்துக்கொள்கிறது. 2003 அடித்தளத்தில் எஃப்எம்ஏ ஆணையே இல்லாததால் அந்த அனுமதி தூங்கிக் கிடக்கிறது. எம்ஆர்ச்சை மாற்றியதும் விழித்துக்கொள்கிறது. எந்த ஆணைகள் கிடைக்கும் என்று மட்டும் சொன்னதாக நிரலாளர் நினைக்கிறார். கணக்கின் விடையையும் சேர்த்து மாற்றியிருக்கிறார். இந்த இணைப்பைக் கட்டுப்படுத்தத் தனி ஆப்ஷன் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது இருப்பது தெரிந்தவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை, தேவைப்படுபவர்களுக்கு அது தெரிவதில்லை.

சரி, முழு நிரலுக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம், கனமான கணக்கு நடக்கும் ஒரே ஒரு கோப்பை மட்டும் ஏவிஎக்ஸ்2-உடன் கம்பைல் செய்வோம். ஓடும்போது ப்ராசசரைக் கேட்டு, ஏவிஎக்ஸ்2 இருந்தால் மட்டும் அந்தக் கோப்பின் ஃபங்ஷன்களை அழைப்போம். பல திட்டங்களில் இதுதான் நடைமுறை. கேட்கவும் நியாயமாக இருக்கிறது. சி++ மொழியில் இதற்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. எவ்வளவு பெரிய அனுபவசாலியும் ஒரு முறையாவது விழுந்து எழும் பள்ளம்.

சி++ ஹெடர் கோப்புகளில் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் நிறைய இருக்கும். ஹெடரைச் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு கோப்பிலும் அந்த ஃபங்ஷனின் ஒரு நகல் உருவாகலாம். எல்லா நகல்களும் ஒன்றே என்பது மொழியின் விதி. ஆகவே கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் லிங்கர் அவற்றுள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடும். இப்போது நம் ஏவிஎக்ஸ்2 கோப்பிலும் ஒரு நகல், சாதாரணக் கோப்பிலும் ஒரு நகல். மூலநிரல் ஒன்றுதான், ஆனால் முதல் நகலுக்குள் ஏவிஎக்ஸ்2 ஆணைகள் இருக்கின்றன. லிங்கர் அதை வைத்துக்கொண்டால், ஏவிஎக்ஸ்2-ஐப் பற்றி எதுவுமே தெரியாத சாதாரணக் கோப்பும் அந்த நகலைத்தான் அழைக்கும். பழைய இயந்திரத்தில், ‘ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா’ என்று கேட்கும் வரிக்கு வந்து சேரும் முன்பே நிரல் முடிந்துவிடும். லிங்கர் எதை வைத்துக்கொள்ளும் என்பது பெரும்பாலும் கோப்புகள் வரிசையில் எது முன்னால் வந்தது என்பதைப் பொறுத்தது. எழுதியவரின் கணினியில் ஏவிஎக்ஸ்2 இருக்கும் என்பதால் எந்தச் சோதனையிலும் இது அகப்படாது.

ஆப்ஷன் கோப்புக்குக் கொடுக்கப்படுகிறது, தேவையோ ஃபங்ஷனுக்கு. சிக்கலின் வேர் இங்கேதான். ஜிசிசியும் க்ளாங்கும் ஃபங்ஷன் அளவிலேயே ‘இதற்கு மட்டும் ஏவிஎக்ஸ்2’ என்று குறிக்க இடம் தருகின்றன. டார்கெட் என்ற அடைமொழி அது. ஜிசிசி 4.9-இல், அதாவது 2014-இல், அது கைக்கு அடக்கமாகப் பயன்படும் நிலைக்கு வந்தது. 2016-இல் வந்த ஜிசிசி 6 இன்னொரு படி மேலே போனது. ஃபங்ஷனின் தலையில் ஒரு வரி எழுதினால் கம்பைலரே அதன் பல நகல்களைச் செய்து, நிரல் ஏறும் நேரத்தில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். கூகுளின் ஹைவே லைப்ரரி வேறு வழி எடுத்தது: ஒரே மூலநிரலை ஒவ்வோர் ஆணைத்தொகுதிக்கும் தனித்தனிப் பெயர்வெளியில் மீண்டும் மீண்டும் கம்பைல் செய்கிறது. பெயர்கள் வேறு என்பதால் லிங்கர் குழம்புவதில்லை.

இங்கே மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ கம்பைலரையும் பார்க்க வேண்டும். அது அடிப்படையிலேயே வேறு விதமாக யோசிக்கிறது. ஏவிஎக்ஸ்2 ஆணையை நிரலாளர் தன் கையால் எழுதினால், ஆப்ஷன் இருக்கிறதா இல்லையா என்று அது கேட்பதே இல்லை. எழுதினாய், எடுத்துக்கொள் என்று கொடுத்துவிடும். ஆர்ச் ஆப்ஷன் அங்கே கட்டுப்படுத்துவது கம்பைலர் தானாக எதை உபயோகிக்கலாம் என்பதை மட்டும். ஜிசிசியில் ஒரே ஆப்ஷன் இரண்டையும் ஆள்கிறது. நீங்கள் கையால் ஒரே ஓர் ஏவிஎக்ஸ்2 ஆணை எழுத அனுமதி கேட்டு ஆப்ஷனைக் கொடுத்தால், அந்தக் கோப்பு முழுவதிலும் தன் இஷ்டத்துக்கு ஏவிஎக்ஸ்2-ஐத் தூவும் உரிமையைக் கம்பைலர் சேர்த்துப் பெற்றுக்கொள்கிறது. மறுபக்கம், ஆப்ஷன் இல்லாமல் எழுதினால் ஜிசிசி பிழை சொல்லி நிறுத்தும். விஷுவல் சி++ வாயைத் திறக்காது, கவனமின்றி எழுதியது பயனர் கணினியில்தான் வெடிக்கும்.

எது சரி? ‘நான் எழுதலாமா’ என்பதும் ‘நீயாக எழுதலாமா’ என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை உணர்ந்த வகையில் விஷுவல் சி++ பக்கம் நியாயம் இருக்கிறது. முதல் கேள்விக்குக் காவலே இல்லாமல் விட்டதில் இல்லை. ஃபங்ஷன் அளவில் அனுமதி, அதை மீறினால் பிழை என்ற ஜிசிசியின் அடைமொழி வழியே இரண்டுக்கும் நடுவில் பொருத்தமாகப் படுகிறது. கோப்பு அளவிலான ஆப்ஷன் அடித்தளத்தைச் சொல்வதற்கு மட்டும் இருந்தால் போதும்.

மூன்றாவது கேள்வி ஒன்றும் இதே ஆப்ஷன்களுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றுக்கு மதிப்புகளை எந்த ரெஜிஸ்டரில் கொடுக்கும் என்ற உடன்பாடு. ராஸ்பெரி பை 2012-இல் வந்தபோது இது பெரிய அளவில் வெளிப்பட்டது. அதன் சில்லு ஏஆர்எம்வி6 வகை, தசமக் கணக்குக்குத் தனி வன்பொருள் உண்டு. தசம எண்களை அந்த வன்பொருளின் ரெஜிஸ்டரிலேயே கைமாற்றும் டெபியன் லினக்ஸ் பதிப்பு ஏஆர்எம்வி7-ஐ அடித்தளமாகக் கேட்டது. அதற்குக் கீழான சில்லுகளுக்கு இருந்த பதிப்போ பழைய, மெதுவான உடன்பாட்டில் இருந்தது. இரண்டையும் கலக்க முடியாது, ஒருவர் வைத்த இடத்தில் மற்றவர் தேட மாட்டார். கடைசியில் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான பொதிகளை ஏஆர்எம்வி6 அடித்தளம், புதிய உடன்பாடு என்ற சேர்க்கையில் மறுபடி கம்பைல் செய்தார்கள். ராஸ்பியன் பிறந்தது இப்படித்தான். ஏஆர்எம் உலகில் நல்ல பழக்கம் ஒன்று உண்டு: என்ன ஆணைகள் உண்டு என்பதும் எந்த உடன்பாடு என்பதும் தனித்தனி ஆப்ஷன்கள். எக்ஸ்86-இல் அவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன. லினக்ஸ் கெர்னல் எஸ்எஸ்இ வேண்டாம் என்று சொல்லியே கம்பைல் ஆகிறது, ஏனென்றால் பயனர் நிரலின் ரெஜிஸ்டர்களைக் கெர்னல் கலைத்துவிடக் கூடாது. அப்படிச் சொன்னதும் தசம எண்ணைத் திருப்பித் தரும் ஃபங்ஷனை ஜிசிசி ஏற்க மறுக்கும், அந்த எண்ணை வைக்க உடன்பாடு சொல்லும் இடம் எஸ்எஸ்இ ரெஜிஸ்டர் என்பதால்.

ஓடும்போது ப்ராசசரைக் கேட்பது என்று மேலே ஒரு வரியில் தாண்டினேன். கேட்கும் விதமும் முக்கியம். சிபியுஐடி என்ற ஆணையை ஓட்டினால் ப்ராசசர் தன் தயாரிப்பாளர் பெயரையும், தனக்குத் தெரிந்த ஒவ்வொரு திறனுக்கும் ஒரு பிட்டையும் தரும். திறன் பிட்டைப் பார்க்க வேண்டும். இன்டெலின் சொந்தக் கம்பைலர் பல ஆண்டுகள் பெயரையும் சேர்த்துப் பார்த்தது. இன்டெல் என்ற முத்திரை இல்லாவிட்டால், அந்த ஆணைகள் அத்தனையும் தெரிந்த ஏஎம்டி சில்லையும் மெதுவான பாதையில் தள்ளியது. ஏஎம்டி 2005-இல் தொடுத்த போட்டிச் சட்ட வழக்கில் இதுவும் ஒரு புகார். 2009 நவம்பரில் 125 கோடி டாலர் கொடுத்து இன்டெல் சமரசம் செய்துகொண்டது. வழக்கின் பெரும்பகுதி தள்ளுபடி வியாபாரத்தைப் பற்றியதுதான் என்றாலும், கம்பைலரின் ஒரு முடிவு நீதிமன்றப் படியேறியது இதில்தான்.

திறன் பிட் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. ஏவிஎக்ஸ் ரெஜிஸ்டர்களை நிரல்கள் மாறும்போது சேமித்து மீட்க இயங்குதளத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 7-க்கு முதல் சர்வீஸ் பேக் வந்த பிறகே அது தெரிந்தது. ஆகவே இயங்குதளம் அனுமதித்திருக்கிறதா என்றும் தனியே கேட்க வேண்டும். இன்னொரு விசித்திரம்: பிட்டுகளைப் பொறுக்கியெடுக்கும் பிஎக்ஸ்ட் ஆணை ஏஎம்டியின் முதலிரண்டு ஜென் தலைமுறைகளில் இருந்தது, ஆனால் மிக மெதுவாக ஓடியது. 2020-இன் ஜென் 3-இல்தான் சரியானது. ஸ்டாக்ஃபிஷ் சதுரங்க நிரலைத் தரவிறக்கப் போனால் ஏவிஎக்ஸ்2, பிஎக்ஸ்ட் அடங்கிய பிஎம்ஐ2 என்று வெவ்வேறு கோப்புகளை நீட்டும். பழைய ஜென் வைத்திருப்பவர் பிஎம்ஐ2-ஐ எடுத்தால் நிரல் ஓடும், நன்றாக ஓடாது. சதுரங்கம் ஆட வந்தவருக்கு இந்தப் பரீட்சை வேறு.

திறன்கள் நூற்றுக்கணக்கில் பெருகியபின் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் என்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. 2020-இல் ஏஎம்டி, இன்டெல், ரெட் ஹாட், சூசே தரப்பினர் கூடி எக்ஸ்86-64-க்கு நான்கு படிநிலைகளை வகுத்தார்கள். முதலாவது 2003 அடித்தளம். இரண்டாவது ஏறத்தாழ 2008-இன் நெஹாலம். மூன்றாவது ஹாஸ்வெல், ஏவிஎக்ஸ்2-உம் எஃப்எம்ஏ-உம் இதில். நான்காவது ஏவிஎக்ஸ்-512. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 2022-இல் தன் 9-ஆம் பதிப்புக்கு இரண்டாம் படியையும், 2025-இல் 10-ஆம் பதிப்புக்கு மூன்றாம் படியையும் குறைந்தபட்சமாக வைத்தது. பேசிக்கொள்ள எளிதான ஏற்பாடு. ஆனால் படிகள் காலத்தோடு ஏறும் என்பது வெறும் நம்பிக்கை. 2021 இறுதியில் வந்த இன்டெலின் 12-ஆம் தலைமுறை மேசைச் சில்லுகளில் சிறிய கோர்களுக்கு ஏவிஎக்ஸ்-512 தெரியாது என்பதால் பெரிய கோர்களிலும் அதை அடைத்துவிட்டார்கள். 2017-இன் ஒரு சில்லு நான்காம் படியில், அதைவிட நான்கு ஆண்டு இளையது மூன்றாம் படியில்.

ஏஆர்எம் பக்கம் இதைவிடப் பணிவான ஒரு தீர்வு இருக்கிறது. பல கோர்கள் ஒரே எண்ணை மோதாமல் மாற்ற ஏஆர்எம்வி8.1-இல் நல்ல ஆணைகள் வந்தன, 8.0-இல் அவை இல்லை. 2020-இன் ஜிசிசி 10 அந்த வேலையை ஒரு குட்டி ஃபங்ஷனாகப் பிரித்து, ஓடும்போதே சோதித்து, இரண்டில் ஒன்றை எடுக்கும்படி செய்தது. யாரும் எந்த ஆப்ஷனும் கொடுக்கத் தேவையில்லை, அதுவே இயல்பு. ஓர் அழைப்பு, ஒரு கிளை அளவுக்குச் செலவு. பொதுவில் தரும் நிரல்களுக்கு இந்த மாதிரி இன்னும் பல இடங்களில் வர வேண்டும்.

யார் வேண்டுமானாலும் சில்லு செய்யலாம் என்ற ரிஸ்க்-ஃபைவ் உலகில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாகிறது. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசசர்களும் இந்த ஆணைத்தொகுதியைச் சார்ந்தவைதாம். இங்கே எம்ஆர்ச்சுக்குக் கொடுப்பது சில்லின் பெயரை அல்ல, எழுத்துகளின் கோவையை: முழு எண்ணுக்கு ஐ, பெருக்கலுக்கு எம், தசமத்துக்கு எஃப், டி, சுருக்க ஆணைகளுக்கு சி. திறன்கள் கூடக் கூடக் கோவை நீண்டு ஒரு வரியைத் தாண்டுகிறது. முதலில் ஐ-க்குள்ளேயே இருந்த கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் ஆணைகளைப் பின்னால் சிக்சர் என்று தனியாகப் பிரித்தார்கள். 2022-இல் வந்த பின்யுட்டில்ஸ் கருவித்தொகுப்பின் 2.38 பதிப்பு புதிய விதியை இயல்பாக்கியதும், அதுவரை ஒழுங்காகக் கம்பைல் ஆன லினக்ஸ் கெர்னல் நின்றது. சில்லும் அதேதான், நிரலும் அதேதான், கோவையின் பொருள்தான் மாறியிருந்தது. கெர்னலின் மேக்ஃபைலில் ‘கருவி புதிதென்றால் சிக்சரையும் சேர்’ என்று ஒரு விதி எழுத வேண்டியதாயிற்று.

அதனால் ரிஸ்க்-ஃபைவிலும் தொகுப்புப் பெயர்கள் வந்துவிட்டன. ஆர்விஏ23 என்பது 2024 அக்டோபரில் உறுதிசெய்யப்பட்டது, வெக்டர் ஆணைகள் அதில் கட்டாயம். உபுன்டு 2025-இல் தன் 25.10 பதிப்பின் ரிஸ்க்-ஃபைவ் அடித்தளத்தை ஆர்விஏ23-க்கு உயர்த்தியது. அப்போது மக்கள் கையில் இருந்த ரிஸ்க்-ஃபைவ் போர்டுகளில் ஏறக்குறைய எதுவும் அந்த அளவை எட்டவில்லை. இனி வரும் சில்லுகளுக்காக எடுத்த முடிவு அது. கையில் போர்டு வைத்திருப்பவர்களுக்கு 24.04 பதிப்பு இருக்கிறது.